பத்து நிமிஷம் முந்தும் வீடு

லக்ஷ்மிநாராயணன் வீட்டுக் கடிகாரங்கள் எல்லாம் பத்து நிமிஷம் முன்னால் ஓடும் என்பது முதல் வாரத்திலிருந்து இந்தத் தொடரோடு கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

கூடத்துச் சுவர்க் கடிகாரம், சமையலறைக் கடிகாரம், படுக்கையறை அலாரம், அவருடைய கைக்கடிகாரம், கடைசியில் அவருடைய போன். எதுவும் தப்பவில்லை. அவர் வேலை பார்க்கும் மத்திய அரசுத் தொழிற்சாலையின் பஸ், செகந்திராபாத் லோத்குண்டா நிறுத்தத்துக்குக் காலை ஆறு ஐம்பதுக்கு வரும். யாருக்காகவும் அரை நிமிஷம் காத்திருக்காது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் அதைத் தவறவிட்டார். அன்று மாலையே வீட்டிலிருந்த ஒரே கடிகாரத்தைப் பத்து நிமிஷம் தள்ளி வைத்தார். அதற்கப்புறம் இருபத்தேழு வருஷத்தில் இந்த வீட்டுக்குள் நுழைந்த ஒவ்வொரு கடிகாரமும் அதே பழக்கத்துக்கு வந்தது. அதற்குப் பெயர் 'நம்மாத்து டைம்'.

அவர் மனைவி கல்பகத்தின் கதை இன்னும் சுருக்கம். ஏழு வருஷம் புரோகிராம் எழுதியவள். மகள் ரஷ்மி பிறந்தபோது "ஒரு வருஷம்தான்" என்று வேலையை விட்டாள். அந்த ஒரு வருஷம் பத்தொன்பது வருஷமாக நீண்டது. ஐம்பத்திரண்டு வயதில், வீட்டில் ஒருவரையும் கேட்காமல் ஒரு விண்ணப்பத்தைத் தட்டிவிட்டாள். இப்போது மாதாப்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறாள். ஆறு மாதம் பார்ப்பார்கள்; பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

நாளை வெள்ளிக்கிழமையோடு அந்த ஆறு மாதம் முடிகிறது.

இந்த ஆறு மாதத்தில் அவள் செய்தது ஒரு போன் செயலி. ஜீடிமெட்லாவில் இருக்கும் ஒரு மருந்துத் தொழிற்சாலை, ஷிஃப்ட் ஆட்களை ஊரெல்லாம் சுற்றிப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போகிறது. 'நம்ம பஸ் இன்னும் எத்தனை நிமிஷத்தில் வரும்?' அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது. பஸ் எங்கே போகிறது என்ற கணக்கெல்லாம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும் சர்வீஸிடம் இருக்கிறது. அதை எழுதியவன் கல்பகத்துக்கு மூன்று மேஜை தள்ளி உட்காரும் மனோஜ். போனில் இருக்கும் கல்பகத்தின் செயலி, அந்த சர்வீஸைக் கேட்டு, பதிலை வாங்கி, திரையில் காட்டும். கேட்டதற்கு உடனே பதில் கிடைக்கிற வேலை என்பதால் கல்பகத்துக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. வீட்டில் அப்படிக் கிடைக்கிற வழக்கம் இல்லை.

வியாழக்கிழமை காலை. கணவனும் மனைவியும் லோத்குண்டா நிறுத்தத்தில் நிற்கிறார்கள். அவருடைய போன் அவள் கையில்.

கல்பகத்தின் போன் மூத்தவன் கௌஷிக் பெங்களூரிலிருந்து அனுப்பியது. அதில் இந்தச் செயலி ஓடாது. தொழிலாளர்களிடம் இருக்கும் ரகத்துப் போன் வீட்டில் லக்ஷ்மிநாராயணனிடம்தான் இருந்தது. அதனால் பத்து நாளாக இதுதான் நடைமுறை. மருந்துக் கம்பெனி பஸ் இந்த வழியாக ஆறு நாற்பதுக்குப் போகும்போது அவருடைய போனில் சோதனை. அது போன பிறகு போன் அவர் கைக்குத் திரும்பும். பிறகு அவர் தன் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்.

"ஏன்னா, நாலு நிமிஷம்னு காட்டறது. வாட்சைப் பார்த்துக்கோங்கோ."

"பார்த்துண்டுதான் இருக்கேன். கல்பகம், முப்பத்தொண்ணாந் தேதிக்கு அந்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கோ. மேடையில எனக்குப் பக்கத்துல உன்னை உட்கார வெச்சு மாலை போடுவா."

இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி அவருக்குப் பணி ஓய்வு. சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் இரண்டு தடவை வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

"புடவை இருக்கட்டும். பஸ்ஸைப் பாருங்கோ!"

சரியாக நாலாவது நிமிஷம் பஸ் வந்து நின்றது. கல்பகத்துக்குச் சின்னக் குழந்தை மாதிரி குதிக்கலாம் போலிருந்தது. நேற்று மாலைதான் முப்பத்தோரு தொழிலாளர்களின் போனில் செயலியை ஏற்றியிருந்தார்கள். இன்று அவர்களுக்கு முதல் நாள்.

ஒன்றுதான் இடறியது. தினமும் அந்த நிறுத்தத்தில் டிபன் பையோடு நிற்கும் ஜெஸ்ஸி என்ற பெண்ணைக் காணோம். மாத்திரை பேக்கிங் பிரிவில் வேலை, அடுத்த தெருவில் வீடு. ஒரு நாளும் தவறாதவள்.

'லீவு போலிருக்கு' என்று நினைத்துக்கொண்டாள். பஸ் யாரையும் ஏற்றாமல் கிளம்பிப் போயிற்று.

லீவெல்லாம் இல்லை. ஜெஸ்ஸி அந்த நேரத்தில் வீட்டில் நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் போனில் செயலி 'இன்னும் பத்து நிமிஷம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பாரடைஸ் ஸ்டேஷன் வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. ஒன்பதரைக்குக் கல்பகம் ஆபீஸுக்குள் நுழைந்தபோதே ஸ்ரீகாந்தின் முகம் சரியில்லை. அவளுடைய டீம் லீட் அவன், முப்பது வயது. சென்னையில் படித்த புண்ணியத்தில் தமிழ் நன்றாகவே பேசுவான்.

"மேடம், உட்காருங்க. பதினேழு பேர் பஸ்ஸை விட்டுட்டாங்க."

"என்னது!"

"முப்பத்தோரு பேர்ல பதினேழு பேர். எல்லாருக்கும் ஒரே கம்ப்ளெயிண்ட். ஆப் இன்னும் டைம் இருக்குன்னு சொல்லுது, பஸ் போயிடுது. அவங்க டிரான்ஸ்போர்ட் ஆபீசர் நந்தகுமார் இருக்காரே, அவரும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்னு ஆப்பைப் பார்த்தே வீட்ல இருந்து கிளம்பியிருக்கார். அவரையும் விட்டுட்டுப் போயிடுச்சு. பன்னெண்டு மணிக்கு இங்க வரார்."

"நான் காலைல கூடப் பார்த்தேனே, ஸ்ரீகாந்த்! டாண்ணு வந்துதே!"

ஸ்ரீகாந்த் குரலைத் தாழ்த்தினான். "சர்வீஸ்ல ப்ராப்ளம்னு சொல்லிடலாம் மேடம். நீங்கதான் போன வாரமே எழுதிக் கொடுத்திருக்கீங்களே."

எழுதித்தான் கொடுத்திருந்தாள். முதல் இரண்டு நாள் சோதனையில், செயலி 'பஸ் வந்துவிட்டது' என்று காட்டியபோது பஸ் வரவில்லை. பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்தது. இரண்டு நாளும் அதே பத்து நிமிஷம். 'சர்வீஸ் பத்து நிமிஷம் முன்னதாகச் சொல்கிறது' என்று அறிக்கை எழுதிவிட்டு, மனோஜ் அதைச் சரி செய்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று தன் செயலியில் ஒரு பத்து நிமிஷத்தைக் கூட்டிவிட்டாள். அதற்கப்புறம் எல்லாம் துல்லியம்.

மூன்று மேஜை தள்ளி மனோஜ் கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தான். ஒரு வாரமாகத் தன் சர்வீஸைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறான். அந்தப் பத்து நிமிஷம் அகப்படவே இல்லை.

கல்பகம் தன் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சர்வீஸ் சொல்கிறது. இப்போது மணி என்ன என்று போன் சொல்கிறது. அதிலிருந்து இதைக் கழித்தால் மீதி நிமிஷம். இவ்வளவு எளிமையான கழித்தலில் எங்கே பிசகும்? ஆபீஸ் வழியாக அந்தப் பஸ் போகாததால் ஆபீஸ் போன்களில் பழைய பதில்களை வைத்துத்தான் சோதித்திருந்தார்கள். ஓடுகிற பஸ்ஸை வைத்துச் சோதித்தது ஒரே ஒரு போனில்.

கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏன்னா, உங்க போன்ல இப்போ மணி என்ன?"

"என்ன கேள்வி இது? பத்து அம்பத்திரண்டு."

கல்பகத்தின் கம்ப்யூட்டர் மூலையில் பத்து நாற்பத்திரண்டு.

"போன்லயுமா?" என்றாள்.

"பின்னே? போனுக்கு மட்டும் தனி டைமா? வாங்கின அன்னிக்கே மாத்தியாச்சே. சரியான டைம் வேணும்னா பத்தைக் கழிச்சுக்கோ." லக்ஷ்மிநாராயணன் பெருமையாகவே சொன்னார். பதில் வராமல் போகவும் குரல் மாறியது. "ஏன் கல்பகம்? ஏதாவது ஆயிடுத்தா?"

"அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

வெட்கமாக இருந்தது. இருபத்தேழு வருஷம் அந்த வீட்டில் குடும்பம் நடத்துகிறவள். தினமும் காலையில் ஆறு நாற்பதுக்கு வாசலைப் பூட்டி, ஆறு முப்பதுக்குத் தெருவில் இறங்குகிறவள். வெளியில் யாராவது மணி கேட்டால் பத்தைக் கழித்துச் சொல்வது மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போனதில், போனிலும் அப்படித்தான் இருக்கும் என்பது தோன்றவே இல்லை. போன் பத்து நிமிஷம் முந்தி நின்றது, அவள் பஸ்ஸைக் குற்றம் சொல்லிவிட்டாள். அவள் கூட்டிய பத்து நிமிஷம் லக்ஷ்மிநாராயணன் போனுக்கு மட்டும் சரியாகப் பொருந்தியது. உலகத்தில் மற்ற எல்லோருக்கும் பஸ்ஸைத் தவற விட வைத்தது.

எழுந்து நேராக மனோஜின் மேஜைக்குப் போனாள்.

"மனோஜ், உன் சர்வீஸ்ல ஒண்ணுமே தப்பில்லை. தப்பு என்னோடது" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

மனோஜ் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு இந்தியில் சொன்னான். "எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு நெனச்சேன், ஆன்ட்டி. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போற டிக்கெட்டைக் கூட கேன்சல் பண்ணிட்டேன்."

அதைக் கேட்டதும் கல்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போனால் போகட்டும், இதை வேறு யார் தலையிலும் கட்டுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

பன்னிரண்டு மணிக்கு நந்தகுமார் வந்தார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்திலேயே வேர்விட்ட தமிழர்; அந்த ஊர்ப் பேச்சில் 'ஏன்' என்பது 'கைக்கு' ஆகும், 'ஆமாம்' என்பது 'ஹவ்' ஆகும். காலையில் பஸ்ஸை விட்டவருக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

"கைக்கு சார் இப்படி? பதினேழு பேருக்கு அரை நாள் சம்பளம் போயிருக்கும். நான் மேனேஜர் கால்ல விழாத குறையா பேசி நிறுத்தியிருக்கேன்."

ஸ்ரீகாந்த் தொண்டையைக் கனைத்தான். "அது வந்து சார், சர்வீஸ்ல ஒரு சின்ன..."

"சர்வீஸ்ல ஒண்ணுமில்லை" என்று கல்பகம் எழுந்து நின்றாள். "என் ஆப்லதான் தப்பு. நான்தான் காரணம்."

சொன்னாள். வீட்டுக் கடிகாரங்களைச் சொன்னாள், கணவரின் பஸ்ஸைச் சொன்னாள், போனைச் சொன்னாள். ஒளித்து மறைத்து எதுவும் இல்லை. ஸ்ரீகாந்த் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாத வேலை முடிந்தது என்று கல்பகமும் நினைத்தாள்.

நந்தகுமாரின் முகத்தில் ஒரு மாதிரியான சங்கடம் வந்தது. மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். சுவரில் மணி பன்னிரண்டு பதினொன்று. அவருடைய போனில் பன்னிரண்டு பதினெட்டு.

"நானும் ஏழு நிமிஷம் ஃபாஸ்ட்தான் வெப்பேன், மேடம்" என்றார். "எங்க கேட்ல ஏழரைக்கு ஒரு நிமிஷம் தாண்டினா அரை நாள் கட். ஷிஃப்ட் ஆளுங்க பாதிப் பேர் போனை முன்னாடி தள்ளித்தான் வெச்சிருப்பாங்க. ஒருத்தன் அஞ்சு, ஒருத்தன் பதினஞ்சு."

"அப்போ இன்னிக்குப் பஸ்ஸைப் பிடிச்சவங்க?"

"ஹவ், பத்தும் பதினஞ்சும் தள்ளினவங்கதான்! நியாயமா டைம் வெச்சிருந்தவன் மாட்டினான், ஏழோட நின்ன நானும் மாட்டினேன்." சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்துவிட்டார். மனோஜுக்குப் பாஷை புரியாவிட்டாலும் அவனும் சிரித்தான்.

ஸ்ரீகாந்த் மட்டும் வேகமாகச் சொன்னான். "சிம்பிள் மேடம். நீங்க கூட்டின பத்தை எடுத்துடுங்க."

"எடுத்தா போறாது, ஸ்ரீகாந்த்." கல்பகத்தின் குரலில் தயக்கமே இல்லை. "எடுத்தா ஜெஸ்ஸிக்குச் சரியாயிடும், சாருக்கு ஏழு நிமிஷம் தப்பாயிடும். போனை மணி கேட்டதுதான் தப்பு. பஸ் எப்போ வரும்னு எங்கே கேட்கறோமோ, இப்போ மணி என்னன்னும் அங்கேயே கேட்டுடலாம். அப்புறம் யார் போன்ல என்ன டைம் இருந்தா என்ன?"

மனோஜுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவன் தன் மேஜைக்கு ஓடிவிட்டான்.

இரண்டாம் ஷிஃப்ட் பஸ் இரண்டரைக்குக் கிளம்பும். அதற்குள் முடிக்க வேண்டும். மனோஜ் சர்வீஸின் பதிலில் மணியையும் சேர்த்து அனுப்பினான். கல்பகம் செயலியில் போனின் கடிகாரத்தைக் கேட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். மொத்தம் நாலு இடம். கொண்டு வந்த எலுமிச்சஞ்சாதம் டப்பாவிலேயே இருந்தது. இரண்டு இருபதுக்குப் புதிய செயலி நந்தகுமார் போனுக்குப் போயிற்று.

மூன்று மணிக்கு அவரிடமிருந்தே அழைப்பு வந்தது. ஸ்ரீகாந்த் ஸ்பீக்கரில் போட்டான்.

"மேடம், ஆறு நிமிஷம்னு காட்டிச்சு. ஆறாவது நிமிஷம் வண்டி என் மூக்குக்கு முன்னாடி வந்து நிக்குது! என் போன் இன்னும் ஏழு நிமிஷம் ஃபாஸ்ட்தான், மாத்தலை. மாத்தவும் மாட்டேன்."

ஸ்ரீகாந்த் மேஜை டிராயரைத் திறந்து ஒரு உறையை எடுத்தான்.

"காலைல பிரிண்ட் எடுத்து வெச்சது, மேடம். பதினோரு மணிக்கு இதைக் கொடுக்க முடியாதுன்னு நெனச்சேன். பன்னெண்டே காலுக்குக் கொடுக்காம இருக்க முடியாதுன்னு தோணுச்சு." கொஞ்சம் தயங்கி, "நான் சர்வீஸ்னு ஆரம்பிச்சது தப்பு. மனோஜ்கிட்ட சாரி சொல்லிட்டேன்" என்றான்.

மெட்ரோவில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. 'நிரந்தரப் பணி' என்ற வரி இருந்த முதல் பக்கத்தைக் கல்பகம் நாலு தடவை படித்தாள். இரண்டாம் பக்கத்தைப் புரட்டவே தோன்றவில்லை.

வீட்டில் ரஷ்மி கல்லூரியிலிருந்து வந்தபோது, அவளுடைய அப்பா கூடத்தில் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"கைக்கு அப்பா இதெல்லாம்? இறங்கு முதல்ல!"

"எல்லாக் கடிகாரத்தையும் சரியான டைமுக்கு மாத்திட்டேன், ரஷ்மி. இதுதான் கடைசி." மாலை ஐந்துக்கு வீடு திரும்பும் வழியில் நிறுத்தத்தில் ஜெஸ்ஸியைப் பார்த்து, செயலியை நம்பி எல்லோரும் பஸ்ஸை விட்ட விஷயத்தைத் தெரிந்துகொண்டிருந்தார். காலையில் மனைவி மணி கேட்டது ஏன் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "என்னால உங்கம்மாவுக்கு வேலை போயிருக்கும். பத்தொம்பது வருஷம் கழிச்சு ஆசைப்பட்டுப் போனா. நான் கெடுத்துட்டேன்."

"அம்மா போன் பண்ணாளா?"

"இல்லை. நானும் பண்ணலை. எந்த மூஞ்சியை வெச்சுண்டு பண்றது?"

ஏழரைக்குக் கல்பகம் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே அவள் கண் பழக்கத்தில் சுவருக்குப் போயிற்று. ஏழு முப்பது. தன் போனைப் பார்த்தாள். ஏழு முப்பது. போன் என்று ஒன்று கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டும் ஒன்றாக இருந்து அவள் பார்த்ததில்லை.

கணவரைப் பார்த்தாள். குற்றவாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். உறையை அவர் மடியில் வைத்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார்.

"பெர்மனெண்ட்டா?"

"ஆமாம்."

"என் போனால தப்பு நடந்துமா?"

"உங்க போனாலதான் கிடைச்சுதுன்னே வெச்சுக்கோங்கோ."

லக்ஷ்மிநாராயணன் அழுதார். பெண் பார்க்கிறாளே என்று கூட மறைத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய் கடிதத்தைச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "காபி நான் போடறேன்" என்று சமையலறைக்குள் போனார். சர்க்கரை டப்பா எங்கே என்று இரண்டு தடவை கேட்டார்.

ரஷ்மி கடிதத்தைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பலாம் என்று கையில் எடுத்தாள். முதல் பக்கத்தை எடுத்தாயிற்று. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

'விசாகப்பட்டினத்தில் உள்ள வாடிக்கையாளர் தொழிற்சாலையில் செயலியை நிறுவும் பணி. இம்மாதம் முப்பதாம் தேதி முதல் பத்து நாட்கள். நேரில் இருப்பது கட்டாயம்.'

அவள் நின்ற இடத்திலிருந்தே சமையலறைக் காலண்டர் தெரிந்தது. முப்பத்தொன்றைச் சுற்றி இரண்டு சிவப்பு வட்டம். அதற்குக் கீழே அப்பா காபி டபராவைத் துடைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். ரஷ்மி கடிதத்தை மடித்து, முதல் பக்கம் மேலே தெரியும்படி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஏன்னா" என்று கூடத்திலிருந்து கல்பகம் கூப்பிட்டாள். "இந்தக் கடிகாரத்தை மறுபடியும் முன்னாடி தள்ளி வெச்சுடுங்கோ."

லக்ஷ்மிநாராயணன் டபராவோடு வந்தார். "எதுக்குடி? இன்னும் மூணு வாரம். அப்புறம் எனக்குப் பஸ்ஸே கிடையாது."

"எனக்கு இருக்கே."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. காபியை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

"பத்து போறுமா?"

"பதினஞ்சு வைங்கோ. பாரடைஸ்ல மெட்ரோவுக்கு வேற ஓடணும்."

"ரஷ்மி, ஸ்டூலைப் பிடிச்சுக்கோ. இப்போ சரியான மணி என்ன, சொல்லு."

ரஷ்மி ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். காலண்டர் பக்கம் திரும்பாமல், தன் போனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏழு அம்பது, அப்பா."

அவர் முள்ளை எட்டு ஐந்துக்குத் தள்ளினார்.